முந்நூறு கட்டங்கள்

மாடிப்படி கழுவுகிறவர்களில் பாதிப் பேர் கீழிருந்து மேலே கழுவிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஈரப்படியில் தாங்களே மிதித்து இறங்கி வந்து, யார் மிதித்தது என்று கத்துகிறார்கள். மேல்படியில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே இறங்கி வர வேண்டும். அழுக்குத் தண்ணீரும் நம்மோடு இறங்கி வரும், வேலை பாதியாகக் குறையும். எங்கள் இல்லத்தில் மொத்தம் முப்பத்தாறு படிகள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவற்றை நான்தான் கழுவினேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் வெல்டிங் செய்த கை, பேனாவையும் கம்பியைப் பிடிப்பதுபோலத்தான் பிடிக்கிறது. நீங்கள் கேட்டது சனிக்கிழமை காலையில் என் வீட்டில் நடந்ததைப் பற்றி மட்டும். அதை மட்டும் எழுதினால் என்னைத் தவறாக எடைபோட்டுவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். எங்காவது தவறாக எழுதிவிட்டால் அதை அடிக்காமல் பின்னால் திருத்திச் சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஐந்து வருஷம் தெருவில் இருந்தேன். மேம்பாலத்துக்கு அடியில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் அட்டைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் காரணம் குடி. பட்டறை, வீடு, மனைவி, மகள் என்று ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது அதுதான். மனைவி காய்ச்சலில் இறந்த செய்தியே எட்டு மாதம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. இல்லத்துக் கூட்டங்களில் இதைச் சாட்சியாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள்.

குடிகாரர்களைத் தேற்றுகிற அந்த இல்லத்தை ஊழியமாக நடத்துகிற பாஸ்டர் ஐயாவைப் பற்றியும் அவர் மனைவியைப் பற்றியும் யாராவது தப்பாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஐயா என்னைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று என் வலது காலில் புண். சாக்ஸ் அந்தப் புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காலை வெந்நீரில் வைத்து, முக்கால் மணி நேரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து எடுத்தார். அந்த நாற்றத்துக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. "வலிச்சா சொல்லுங்க பிரதர், நிறுத்திடறேன்" என்று நாலைந்து தடவை சொன்னார். என்னைப் பெற்றவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கே, இந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இல்லத்தின் முறையைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் கீழே பெரிய கூடத்தில் இருபத்து நான்கு கட்டில்களில் ஒன்று. அதில் தேறிவிட்டால் மேலே ஓர் அறையும் ஒரு துணையும் கொடுப்பார்கள். துணை என்றால் கூடவே இருக்கிற ஆள். தெருவில் விழுந்தவன் தனியாக எழுந்திருக்க முடியாது என்பது ஐயாவின் கொள்கை. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே வேலை நேரம். முக்கியமாக, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாள்வரிசை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் அதில் முந்நூறு கட்டங்கள். காலை ஜெபம் முடிந்ததும் ஐயாவின் மனைவி பச்சை மையால் ஒரு கட்டத்தை நிரப்புவார். அவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். குடிக்காத ஒரு நாளுக்கு ஒரு கட்டம். இருவரில் ஒருவர் குடித்தாலும் இருவருடைய வரிசையும் அழிக்கப்பட்டு முதல் நாளிலிருந்து ஆரம்பமாகும். முந்நூறும் நிரம்பினால் எதிர்த்தெருக் குடியிருப்பில் ஆளுக்கொரு வீட்டுச் சாவி. ஓர் அறை, ஓர் அடுப்படி, குளியலறை, கதவில் நம் பெயர்.

எனக்கு அந்தச் சாவி என் மகளுக்காக வேண்டியிருந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அம்மா ஒருநாள் தேடிப்பிடித்து அவளிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "அவருக்குன்னு ஒரு வீடு கெடச்சா வந்து பாக்கறேம்மா. அதுக்கு முன்னாடி வேணாம்" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்டேன். வந்து பார்க்கிறேன் என்றால் வந்துவிடுகிறேன் என்றுதானே பொருள். பெண்பிள்ளைகள் இந்த மாதிரி விஷயங்களை நேராகச் சொல்ல மாட்டார்கள்.

என் முதல் துணை ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். தூக்கத்தில்கூட நதிகளின் பெயர்களைச் சொல்லுவார், நானும் கேட்டுக்கொண்டே தூங்குவேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள், பழைய மாணவன் ஒருவன் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அதற்காகக் குடித்தாராம். நான் தேடிக்கொண்டு போனபோது மதுக்கடைச் சந்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு அறை கொடுத்துக் கூட்டி வந்தேன்.

பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு பச்சைக் கட்டங்களை அம்மா ஈரத்துணியால் துடைத்தார். நான் அடித்ததை ஐயாவிடம் நானேதான் சொன்னேன். அவர் என் தோளில் கைவைத்து, "கோவம் வரத்தான் செய்யும் பிரதர். மதுக்கடை வாசல் வரைக்கும் போயிட்டு நீங்க குடிக்காம திரும்பி வந்தீங்களே, அதுதான் பெரிய விஷயம். ஸ்தோத்திரம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. வாத்தியார் இரண்டு நாளில் இல்லத்தை விட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது துணை, லாரி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர். நன்றாகச் சிரிக்கவைப்பார். ஆனால் உள்ளே உறுதி கிடையாது. எண்பத்தெட்டாம் நாள் மத்தியானம் வாயில் வாசத்தோடு வந்து நின்றார். வேறு யாரும் அதுவரை பார்க்கவில்லை. வாசம் போய்விட்டால் நாள் போகாது என்று எனக்குத் தோன்றியது. கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினேன். நாற்பது எண்ணுவேன், தூக்குவேன், மோந்து பார்ப்பேன், மறுபடி அமுக்குவேன். ஏழாவது தடவை அவர் கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டன, அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன். தரையில் போட்டு வயிற்றை அமுக்கினேன். தண்ணீரும் வாந்தியுமாக வந்தது, பிழைத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவிட்டார். குடிக்கத்தான் ஓடினார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "விழுந்துட்டார், பாவம். ஜெபிப்போம்" என்றார் ஐயா. பலகை மறுபடி வெறும் பலகையானது.

மேலே வாத்தியாருக்கு இரண்டு அறை என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. முதல் இரண்டுக்குப் பிறகு அவர் சிரித்தார். போதையில் சிரிப்பு வரும் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் தலைமுடியைப் பிடித்துச் சுவர் மூலையில் வாயை மோதினேன். மூன்று பற்கள் போயின. அவற்றைப் பொறுக்கி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். இதை ஐயாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் டெய்லர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஒல்லி, சதா வாயில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பார். கடை வைத்திருந்தவர், குடியில் கடைக்கு நெருப்பு வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தவர். சாவி கிடைத்தால் அண்ணன் வீட்டார் தன்னோடு பேசுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. என்னை அண்ணே என்பார். என் மகளைப் பற்றி நான் சொன்னதும், "அண்ணே, பொண்ணு வந்தா தனியா மறைப்பு வேணும்ல? ஒரே ரூம்தானே? நான் தெச்சுத் தர்றேன்" என்றார். நன்கொடையாக வந்த படுக்கை விரிப்புகளில் நீலமாக இருந்ததைத் தேடி எடுத்து, அறையை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி ஒரு திரைச்சீலை தைத்தார். அடியில் பூவேலை. வீடே கிடைக்கவில்லை, திரைச்சீலை தயார் என்று எல்லோரும் எங்களைக் கேலி செய்தார்கள். எனக்கு அவரை உண்மையாகவே பிடித்திருந்தது, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றேழாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் இரும்புக்கடைக்குப் போனோம். நான் உள்ளே கம்பி பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வெளியே நின்றார். திரும்பிப் பார்த்தால் ஆள் தெருமுனையில். எதிரே மதுக்கடை. உள்ளே போகவில்லை, சும்மா நின்றார். நான் கூப்பிட்டதும் வந்துவிட்டார். "ஒண்ணும் இல்லண்ணே, சும்மா பாத்தேன்" என்றார். வாத்தியாரும் டிரைவரும்கூட முதலில் சும்மா பார்த்தவர்கள்தான்.

மறுநாள் இல்லத்தின் பின்வாசல் இரும்புக் கதவைக் கழற்றிக் கீல் மாற்ற வேண்டியிருந்தது. எண்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். பத்தடி தூக்கிக்கொண்டு வந்ததும் நான் கையை விட்டேன். கதவின் விளிம்பு அவர் வலது பாதத்தின்மேல் நேராக இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. கை நழுவிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். கை நழுவவில்லை. எந்த இடத்தில் விட வேண்டும் என்று இரும்புக்கடையிலிருந்து திரும்பி வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். நடக்க முடியாதவன் மதுக்கடைக்குப் போக முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

மாவுக்கட்டோடு ஒன்பது வாரம் கட்டிலில் கிடந்தார். என் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை என்று தயங்காமல் சொல்வேன். அவரைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவேன். குளிப்பாட்டுவேன், துவட்டுவேன், கட்டுக்குள் அரித்தால் கம்பியில் பஞ்சு சுற்றிச் சொறிந்துவிடுவேன். வலியில் அவர் முனகும்போது தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா எங்களை வைத்தே பிரசங்கம் செய்தார். "துணைன்னா என்னன்னு கேக்கறவங்க மேல போய் அந்த ரூம்ல பாருங்க" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது. பச்சைக் கட்டங்கள் ஒவ்வொரு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

கட்டு பிரித்த பிறகு அவர் நொண்டி நடந்தார். எலும்பு சரியாகக் கூடவில்லை. ஆனால் மனிதர் மாறியிருந்தார். வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வாயில் குண்டூசி இல்லை. நல்ல அறிகுறி என்று எண்ணினேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றவர்கள் எல்லோரும் இல்லத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மாடிப்படியின் மேல்தளத்தில் கைப்பிடியைப் பற்றவைத்து முடித்து, ஒட்டில் படிந்த கசடைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தேன். படி கழுவத் தண்ணீர் வாளியும் பக்கத்தில் இருந்தது. டெய்லர் வந்து மேல்படியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாதீங்க" என்றார்.

"சொல்லு."

"நான் ஒரு தடவ குடிச்சிட்டேண்ணே. நூத்திப் பதிமூணாவது நாளு. கட்டுக்குள்ள வலி தாங்க முடியல, பல்லக் கடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் கெடக்கறது? துணி வெளுக்க எடுத்துட்டுப் போற ஆளுகிட்ட கெஞ்சி ஒரு பாட்டில் வாங்கிட்டேன். ஒரே தடவதான். அதுக்கப்புறம் சத்தியமா தொடல."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு இப்ப தெரியும். அந்த ஆளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியும்."

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. அப்புறமா சொல்லு."

"முடியலண்ணே. அந்தச் சாவிய நெனச்சாலே கை எரியுது. பொய்யில கெடச்ச வீட்ல எப்படிப் படுக்கறது? நாளைக்குக் காலைல ஜெபத்துல எழுந்திருச்சு சொல்லிடப்போறேன். உங்க நாள அழிக்காதீங்க, என்னோடத மட்டும் அழிங்கன்னு ஐயா கால்ல விழறேன்."

"ரூல் அப்படி இல்ல."

"தெரியும்ணே. அதான் உங்ககிட்ட மொதல்ல மன்னிப்புக் கேக்க வந்தேன்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் முகம் தெளிவாக இருந்தது, பாரத்தை இறக்கிவைத்தவன் முகம். அந்த ஊழியம் ஒரு மனிதனை இப்படி ஆக்க வேண்டும் என்றுதான் ஐயா இத்தனை வருஷம் பாடுபட்டார். டெய்லர் தேறிவிட்டார் என்பது எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. கூடவே, நாளைக் காலை என் மகள் இன்னும் முந்நூறு நாள் தள்ளிப் போய்விடுவாள் என்பதும் விளங்கியது.

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். சுத்தி என் கையில்தான் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. "அண்ணே?" என்றார், ஏதோ சந்தேகம் கேட்பதுபோல. இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கினார், விரல்களில் பட்டது. ஊசி பிடிக்கிற விரல்கள் ஆயிற்றே என்று ஒரு கணம் வருத்தமாக இருந்தது. மூன்றாவது சரியாக விழுந்தது. அதன்பிறகு காலால் தள்ளினேன், பதினெட்டுப் படிகள் உருண்டு நடுத்தளத்தில் போய்க் கிடந்தார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ஒரு கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கடைசிப் படியின் விளிம்பில் மோதினேன். ஆறு தடவை. நாலாவதிலேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் பாதியில் விட்டு அவரை வேதனைப்படுத்தக் கூடாது. பிறகு மேலே ஏறி, சுத்தியை வாளியில் அலசி, படிகளை மேலிருந்து கழுவிக்கொண்டு இறங்கினேன். பதினாறு படிகளைத்தான் கழுவினேன். கீழ் இரண்டை விட்டுவிட்டேன். மனிதர் விழுந்த இடத்தில் ரத்தம் இருக்கத்தானே வேண்டும்.

ஈரப்படியில் வழுக்கிவிட்டார் என்று நான் சொல்லவே இல்லை. ஓடிவந்தவர்கள் அவர்களாகவே சொன்னார்கள். நொண்டிக் கால், ஈரப்படி, வேறென்ன வேண்டும்? "நான்தான் கழுவினேன், என்னாலதான் போயிட்டார்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் வந்து பார்த்தார், உங்கள் காவல் நிலையத்திலிருந்தும் ஒருவர் வந்து பார்த்தார். தெருவிலிருந்து வந்தவன் செத்தால் யாரும் ரொம்ப நேரம் குனிந்து பார்ப்பதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஐயா எல்லோர் முன்பாகவும் சொன்னார்: இறந்தவர் விழுந்தவர் அல்ல, ஓட்டத்தை முடித்தவர். அதனால் எங்கள் வரிசை நிற்காது. மீதியிருந்த கட்டங்களை அம்மா அழுதுகொண்டே நாளுக்கு ஒன்றாக எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே நிரப்பினார். முந்நூறாம் நாள் ஐயா சாவியைக் கொடுத்தார். டெய்லருடைய சாவியை அவர் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். பூட்டே இல்லாத சாவியைப்போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சாட்சி சொன்னேன். குடி என்னை எப்படி மிருகமாக்கியது, கர்த்தர் எப்படி மனிதனாக்கினார் என்று இருபது நிமிஷம் பேசினேன். கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் கிழக்கே பார்த்தது. நீலத் திரைச்சீலையைக் கம்பி அடித்து நானே மாட்டினேன். மகளுக்கு ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, துணி மாட்ட நாலு கொக்கி. பக்கத்து வீட்டில் பெயிண்டர், போன வருஷம் முந்நூறு முடித்தவர். என்னைப் பார்த்து, "கல்யாண வீடு மாதிரி பண்றீங்களே" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. தேநீர் கொடுத்தேன், கையில் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. என்னைவிட அவள் அம்மாவின் சாயல்தான் அதிகம். கட்டிலைக் காட்டினேன், கொக்கிகளைக் காட்டினேன். முந்நூறு நாளுக்குமேல் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று சொன்னேன். உன்னையும் உன் அம்மாவையும் அடித்த மனிதன் செத்துவிட்டான், குடிதான் அவ்வளவும் செய்தது, இனி பயமில்லை என்றேன்.

தேநீரைக் கீழே தரையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பா, அம்மா கைய நீங்க ஒடச்சது எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

"குடியில என்ன ஞாபகம் இருக்கும்மா?"

"காலைல ஏழு மணி. குளிச்சிட்டு வேலைக்குக் கெளம்பிட்டு இருந்தீங்க. டிபன் டப்பா மூடி கெடைக்கலன்னு ஒடச்சீங்க. நான் பக்கத்துல ஷூ மாட்டிக்கிட்டு நின்னேன். நீங்க குடிச்சிருக்கல."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன தெரியும்?"

"குடிச்சா நீங்க தூங்கிடுவீங்கப்பா. குடிச்சிட்டு வர்ற அன்னிக்குத்தான் எங்களுக்கு நிம்மதி. அம்மா சில நாள் அவங்களே வாங்கி வச்சிருக்காங்க, தெரியுமா?"

இதை அவள் திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. மருந்துக்கடையில் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்லுவார்களே, அந்தக் குரல். பார்க்கிறேன் என்று சொன்ன வார்த்தைக்காக வந்ததாகவும், பார்த்துவிட்டதாகவும், இனி வர மாட்டேன் என்றும் சொல்லி எழுந்தாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பேசி முடிக்கத்தான் போட்டேன். அவள் தாழ்ப்பாளில் கைவைத்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்து எடுத்தேன். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை பிடித்துத் திருப்பியபோது அது முறிந்தது. அவள் கத்தினாள். கத்தாதே, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று வாயைப் பொத்தினேன். மூக்கையும் சேர்த்துப் பொத்தியது வேண்டுமென்று செய்ததல்ல. என் கை பெரிய கை. பெயிண்டர் கதவை உடைத்துக்கொண்டு வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் அமைதியாகியிருப்பாள்.

ஐயா இந்த நிலையத்துக்கு ஓடிவந்து, "கண்டிப்பா குடிச்சிருக்கார் சார். இல்லாட்டி இப்படிச் செய்யற மனுஷனே இல்ல இவர்" என்று உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டதுதான் இந்த எல்லாவற்றிலும் எனக்கு வலித்தது. அதனால்தான் நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். மதுவின் சுவடே இல்லை என்று சீல் வைத்த சீட்டு நேற்றைக்கு வந்துவிட்டது, உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

டெய்லரைக் கொன்றது நான். மகளின் கையை ஒடித்ததும் நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன், வக்கீல் வேண்டாம். பதிலுக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற என் மகளிடம் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டால், அப்பா மாறிவிட்டார் என்று அவள் நம்பிவிடுவாள்.